எந்தக் குழாயை முதலில் திறந்து பார்ப்பது? – கடலூர் நாட்குறிப்பு

ஞாயிறு, மஞ்சக்குப்பம்

சிப்காட் தொழிற்பேட்டையில் ஒரு ரசாயனத் தொழிற்சாலைக்கு வேலையாக வந்திருக்கிறேன். பெயர் வேண்டாம். அங்கே ஓடும் குழாய்களில் எதை எப்போது, எந்த முறையில் சோதிப்பது என்று அடுத்த சில ஆண்டுகளுக்கு அட்டவணை போட்டுத் தர வேண்டும். இந்த வாரம் முழுக்கக் கடலூர்தான். அன்றன்று பார்த்ததை அன்றன்று ராத்திரியே எழுதிப் போடுகிறேன். இந்தத் துறையில் இல்லாதவர்களும் படிக்க வேண்டும் என்பது என் ஆசை. ஏனென்றால் இந்தக் குழாய்களுக்குப் பக்கத்தில் குடியிருப்பவர்கள் பெரும்பாலும் இந்தத் துறையில் இல்லாதவர்கள்தான்.

புதுச்சேரியில் தம்பி வீட்டில் மதியச் சாப்பாடு. மூன்று மணிக்குப் பேருந்து ஏறினேன். தென்பெண்ணைப் பாலம் தாண்டி ஊருக்குள் நுழைந்து, அறையில் பையைப் போட்டுவிட்டு, நேராகத் தேவனாம்பட்டினம் கடற்கரை. நல்ல கூட்டம். சுண்டல், பஜ்ஜி, பட்டம் விடும் பிள்ளைகள். எனக்கு மட்டும் கண் விளக்குக் கம்பங்களின் அடியிலேயே நின்றது. தலைக்கு மேலே பெயின்ட் பளபளவென்று இருக்கிறது. மண்ணைத் தொடும் இடத்தில் மட்டும் உப்பிப் போய், விரல் வைத்தால் செதில் செதிலாக வருகிறது. மண்ணும் காற்றும் சந்திக்கிற அந்த ஓரடி உயரத்தில் ஈரமும் உப்பும் ஆக்சிஜனும் சேர்ந்து கிடைக்கின்றன. மண்ணுக்குள் இறங்கும் குழாயிலும் அதே இடம்தான் முதலில் போகும். இந்த ஊரின் உப்புக் காற்றை என் கணக்கில் முதலில் எழுதிக்கொண்டேன்.

திங்கள், சிப்காட்

காலை எட்டரைக்கே கூட்டம். ஆலையில் நானூற்றுச் சொச்சம் லைன்கள், அதாவது தனித்தனிக் குழாய்ப் பாதைகள். இதுவரை நடைமுறை என்னவென்றால், எல்லா லைனுக்கும் ஐந்து ஆண்டுக்கு ஒரு முறை குழாய்ச் சுவரின் தடிமன் சோதனை, வரிசைப்படி. குடிதண்ணீர் லைனுக்கும் அதே முறை, எரியும் கரைப்பான் போகும் லைனுக்கும் அதே முறை. பார்க்க நியாயமாகத்தான் தெரியும். ஆனால் சாரம் கட்டும் ஆட்களும், சோதனை செய்யத் தெரிந்தவர்களும், ஆலையை நிறுத்திவைக்கும் ஷட்டவுன் நாட்களும் அளவோடுதான் கிடைக்கும். ஒன்றுக்கும் உதவாத இடத்தில் செலவழித்த ஒரு நாள், ஆபத்தான இடத்தில் இருந்து பிடுங்கிய ஒரு நாள்.

ஆபத்து மதிப்பீட்டின் அடிப்படை எளிமையானது. ஒரு குழாய் பழுதாக எவ்வளவு வாய்ப்பு இருக்கிறது, பழுதானால் என்ன நடக்கும், இரண்டையும் பெருக்கு. எது பெரிதாக வருகிறதோ அது முதலில். அமெரிக்கப் பெட்ரோலியக் கழகம் இதை ஏ.பி.ஐ. 580 என்ற பரிந்துரையாக 2002இல் வெளியிட்டது. கணக்குப் போடும் வழி ஏ.பி.ஐ. 581இல் இருக்கிறது. ஆனால் இந்த யோசனை நமக்குப் புதிதல்ல. இந்த மாவட்டத்தில் ஐப்பசி, கார்த்திகையில் ஏரி நிரம்பும்போது ஊர்க்காரர்கள் கரை முழுக்க ஆள் நிறுத்துவதில்லை. போன வருஷம் உடைந்த இடம், மதகு ஓரம், கரைக்குக் கீழே வீடுகள் இருக்கிற பக்கம், அங்கேதான் ராத்திரி டார்ச்சோடு நிற்பார்கள். உடையும் வாய்ப்பும் உடைந்தால் வரும் கேடும் அந்தக் காவலிலேயே இருக்கின்றன.

பிற்பகல் முழுக்க எக்செல். லைன் எண், உள்ளே போகும் பொருள், வெப்பநிலை, அழுத்தம், உலோகம், போட்ட ஆண்டு, கடைசித் தடிமன். நிறையக் கட்டங்கள் காலி. காலிக் கட்டங்கள் இருந்த பல லைன்களுக்கு, முன்பு யாரோ போட்ட மதிப்பீட்டில் ‘வாய்ப்பு: குறைவு’ என்று இருந்தது. பிரச்சினை எதுவும் பதிவாகவில்லை, அதனால் குறைவு. இதை நான் ஒத்துக்கொள்ளவே மாட்டேன். யாரும் போய்ப் பார்க்காத குழாயில் பிரச்சினை எப்படிப் பதிவாகும்? தெரியாத குழாய் மேலே ஏற வேண்டும், கீழே இறங்கக் கூடாது. போய்ப் பார்த்து நன்றாக இருப்பது தெரிந்த பிறகு இறக்கிக்கொள்ளலாம். சோதனை செய்வதால் துரு நின்றுவிடாது. நமக்குத் தெரியாமல் இருப்பதுதான் குறையும். அட்டவணை போடுவதே அந்தத் தெரியாமையைக் குறைக்கத்தான்.

2010 செப்டம்பர் 9 அன்று கலிஃபோர்னியாவின் சான் புரூனோவில் 30 அங்குல எரிவாயுக் குழாய் வெடித்து எட்டுப் பேர் இறந்தார்கள். 1956இல் புதைத்த குழாய். நிறுவனத்தின் ஆவணத்தில் அது நீளத் தையல் இல்லாத குழாய் என்று இருந்தது. உண்மையில் நீளவாக்கில் வெல்டிங் தையல் இருந்தது, அதுவும் அரைகுறையான வெல்டிங். இல்லாத தையலை யார் சோதிப்பார்கள்? காலிக் கட்டமாவது ‘தெரியாது’ என்று சொல்லிவிடுகிறது. தப்பாக நிரப்பிய கட்டம் அதையும் சொல்வதில்லை.

செவ்வாய், சிப்காட்

இன்று முழுக்க லைன் நடை. என்னோடு வந்தவர் ஆலை ஆரம்பித்த நாளிலிருந்து இருக்கும் ஃபிட்டர். ஓய்வு பெற்ற பிறகும் ஒப்பந்தத்தில் கூப்பிட்டு வைத்திருக்கிறார்கள். முதுநகர்க்காரர். நான் அண்ணே என்றேன், அவர் ம்மா என்றார். காலை ஏழரையிலிருந்து மாலை வெயில் தாழும்வரை நடந்தோம். நேற்று எக்செல்லில் கிடைக்காதது எல்லாம் இன்று அவர் வாயிலிருந்து வந்தது.

குழாய்களைத் தாங்கி நிற்கும் சட்டமான பைப் ரேக்கின் முதல் தட்டில் தடிமன் எடுக்கும் இடங்களை வெள்ளை வட்டம் போட்டு வைத்திருக்கிறார்கள். வட்டங்கள் எல்லாம் கைக்கு எட்டும் உயரத்தில், நடைபாதை ஓரத்தில். பல ஆண்டுகளாக அதே வட்டங்களில் எடுத்த ரீடிங்கள் ஒன்றுபோலவே இருக்கின்றன. மேலே, பம்பிலிருந்து வேகமாக வரும் திரவம் முதலில் திரும்பும் எல்போவில், அதாவது குழாய் வளைவில், ஒரு வட்டமும் இல்லை. “சாரம் கட்டணும்மா. யாரு கட்டுவா?” என்றார். அரிப்பு கைக்கு எட்டும் இடமாகப் பார்த்து வருவதில்லை. எல்போ, வால்வுக்குப் பின்புறம், ஓட்டமே இல்லாமல் திரவம் தேங்கும் முட்டுக் குழாய், வேறொரு ரசாயனத்தைச் செலுத்தும் இடம், இப்படி அதற்கென்று இடங்கள் இருக்கின்றன. வட்டங்களை மாற்றிப் போடுவது என் அறிக்கையில் தனி அத்தியாயமாக இருக்கும்.

மதியத்துக்கு மேல் பார்த்ததுதான் இன்றைய நாளின் முக்கியமான விஷயம். சூடான கரைப்பான் போகும் ஆறு அங்குல லைன். எண்பது டிகிரி வாக்கில் ஓடும். மேலே சூடு போகாமல் தடுக்கும் பஞ்சு, அதாவது இன்சுலேஷன், அதற்கு மேல் அலுமினியத் தகட்டு உறையான கிளாடிங். ரேக்கின் கிழக்குக் கோடியில் நின்று அண்ணன் கையை நீட்டினார். “அந்தத் தகடு புதுசும்மா. தானே புயல்ல பழசு பிச்சிக்கிட்டுப் போயிடுச்சி. ரெண்டு மழை நனைஞ்ச பொறவுதான் புதுசு போட்டாங்க. உள்ள இருந்த பஞ்சை யாரும் மாத்தல.”

தானே புயல் 2011 டிசம்பர் 30 காலையில் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் நடுவே கரை கடந்தது. அந்த ஊர்க்காரர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. பண்ருட்டிப் பக்கம் முந்திரியும் பலாவும் வேரோடு சாய்ந்ததை இன்றும் பேசுகிறார்கள். அந்தப் புயல் என் ரிஸ்க் கணக்கில் எங்கே வருகிறது என்பதைச் சொல்கிறேன்.

இன்சுலேஷனுக்குள் ஈரம் புகுந்தால் சாதாரணக் கார்பன் எஃகு வெளியிலிருந்து அரிக்கும். மைனஸ் 12இலிருந்து 175 டிகிரி செல்சியஸ் வரை ஓடும் லைன்கள் இதற்கு இலக்கு என்று வழிகாட்டிகள் சொல்கின்றன. வெளியே தகடு மினுமினுவென்று இருக்கும், உள்ளே நடப்பது தெரியாது. லைன் இன்று ஓட்டத்தில் இல்லை. அழுத்தம் இறக்கி, காலி செய்து, பெர்மிட் வாங்கி, குழாயைத் தாங்கும் சப்போர்ட் பக்கத்தில் தகட்டைக் கழற்றினோம். இதைச் சொல்லியே ஆக வேண்டும்: அழுத்தத்தில் இருக்கும் லைனில் தடித்த துருச் செதிலைச் சுரண்டவோ தட்டவோ கூடாது. சில நேரம் அந்தச் செதில்தான் ஓட்டையை அடைத்துக்கொண்டிருக்கும்.

பஞ்சு கறுத்து, பிழிந்தால் தண்ணீர் வரும் பதத்தில் இருந்தது. குழாயின் அடிப்பாகத்தில், சப்போர்ட்டை ஒட்டி, துரு ஏடு ஏடாக எழும்பி நின்றது. விரல்நகத்தில் நெம்பினால் சாக்லேட் நிறத்தில் ஒரு தகடு உரிந்து வருகிறது, அதற்கடியில் இன்னொன்று. கம்பிப் பிரஷ் போட்டு, ஜெல் தடவி, தடிமன் அளக்கும் கேஜை வைத்தேன். ஓரடி தள்ளி 6.9 மி.மீ. சப்போர்ட் ஓரத்தில் 4.3. புதிதாகப் போட்டபோது 7.1 இருந்திருக்கும். இந்த லைனுக்குக் குறைந்தது 3.1 வேண்டும்.

இப்போது கணக்கு. லைன் போட்டு 35 ஆண்டு. போனது 2.8 மி.மீ. சராசரி போட்டால் ஆண்டுக்கு 0.08. மிச்சமிருக்கும் 1.2 மி.மீ. கரைய 15 ஆண்டு ஆகும். மிச்ச ஆயுளில் பாதிக்குள் அடுத்த சோதனை என்பது ஏ.பி.ஐ. 570 குழாய் ஆய்வு விதியின் வழக்கம். அப்படிப் பார்த்தால் ஏழரை ஆண்டு, ஆபத்தான வகை லைனுக்கு உச்சவரம்பு ஐந்து என்பதால் ஐந்து ஆண்டு. ஆனால் அரிப்பு தானேவுக்குப் பிறகுதான் தொடங்கியது என்றால்? 14 ஆண்டில் 2.8 மி.மீ., ஆண்டுக்கு 0.2. மிச்ச ஆயுள் ஆறு ஆண்டு, பாதி மூன்று. ஒரே கேஜ், ஒரே ரீடிங். அண்ணன் சொன்ன அந்த ஒரு வாக்கியம் சோதனைத் தேதியை இரண்டு ஆண்டு முன்னால் இழுத்துவிட்டது. பஞ்சை மாற்றிப் பெயின்ட் அடித்து ஈரத்தை நிறுத்துவது அதற்கும் முன்னால் நடக்க வேண்டும்.

புயலில் தகடு போன இடங்களை எல்லாம் அவரையே வரைபடத்தில் சிவப்பு மையால் குறிக்கச் சொல்லியிருக்கிறேன். அவர் பெயரை அறிக்கையில் தகவல் ஆதாரமாகப் போடுவேன்.

புதன், குடிகாடு

காலையில் மழைத் தூறல். சாரத்தில் ஏற விடவில்லை, அதுவும் சரிதான்.

சும்மா உட்காராமல் பெருக்கலின் இரண்டாம் பாதியை, பழுதானால் என்ன நடக்கும் என்பதை, பார்க்கப் போனேன். சிப்காட்டை ஒட்டிய குடிகாடு. டீக்கடையில் இருந்த அக்காவிடம், ராத்திரியில் எப்போது நாற்றம் அதிகம் என்று கேட்டேன். எந்தக் காற்றுக்கு எந்தப் பக்கத்து வாசனை வரும் என்று மாதவாரியாகச் சொன்னார். இது தற்செயலான அறிவு இல்லை. 2004 வாக்கிலேயே இந்தப் பகுதிக் கிராமத்து மக்கள் வாளிக்குள் வைத்த பையில் காற்று மாதிரி பிடித்து ஆய்வகத்துக்கு அனுப்பியவர்கள், வாசனை வந்த நேரத்தைக் குறித்து வைத்தவர்கள்.

ஆபத்தின் விளைவைக் கணிக்கும் மென்பொருளுக்குக் காற்றின் திசை, வேகம், சுற்றிலும் எத்தனை பேர் என்றெல்லாம் கொடுக்க வேண்டும். பலர் ஆண்டுச் சராசரியைப் போட்டுவிட்டு நகர்ந்துவிடுவார்கள். கடலூரில் பிற்பகல் கடற்காற்று கிழக்கிலிருந்து. ஐப்பசியில் தொடங்கி மார்கழிவரை வாடை. கோடைக் காலையில் மேற்கிலிருந்து. கசிவு எந்த நேரத்தில் நடக்கிறது என்பதைப் பொறுத்து யார் மூச்சில் போகும் என்பது மாறும். நான் மூன்று நிலைக்கும் தனித்தனியாகப் போடச் சொன்னேன், மோசமானதை எடுத்துக்கொள்ளச் சொன்னேன்.

இன்னொன்று. சோதனை செய்தால் பழுதாகும் வாய்ப்பைக் குறைக்கலாம். பழுதானால் வரும் கேட்டைச் சோதனை ஒரு துளியும் குறைக்காது. அதற்குத் தூரத்திலிருந்தே மூடும் வால்வு, வாயுவை உணர்ந்து மணியடிக்கும் கருவி, ஒரே இடத்தில் அதிகம் தேக்கி வைக்காமை, ஊருக்குள் சைரனும் ஒத்திகையும் வேண்டும். ஊர்ப் பக்கம் போகும் லைன்களுக்கு இந்தப் பரிந்துரைகளைச் சோதனைத் தேதிக்குப் பக்கத்திலேயே எழுதப்போகிறேன்.

வியாழன், பண்ருட்டி – கடம்புலியூர்

காலையில் ஆலையில் வேலை கொஞ்சம்தான். கூடப் படித்த தோழி ஒருத்தி நாடு கடக்கும் எரிவாயுக் குழாய்ப் பணியில் இருக்கிறாள். அவளோடு பண்ருட்டிப் பக்கம் போனேன். சாலையோரம் பலாப்பழக் குவியல், முந்திரிக் கடைகள்.

எண்ணூரில் தொடங்கி புதுச்சேரி, நாகப்பட்டினம், மதுரை வழியாகத் தூத்துக்குடிவரைக்கும், இன்னொரு கிளை பெங்களூருக்கும் என்று சுமார் 1,400 கிலோமீட்டர் எரிவாயுக் குழாய்த் திட்டம் இந்தப் பகுதிகளைத் தொட்டுப் போகிறது. இப்படிப்பட்ட குழாயை ஆலைக் குழாய்போல் சுற்றி வந்து பார்க்க முடியாது. மண்ணுக்கு மேலே தெரிவது மஞ்சள் அடையாளக் கம்பமும், குழாயின் மின்னழுத்தத்தை அளக்க வைத்த டெஸ்ட் போஸ்ட்டும்தான். தோழி ஈர மண்ணில் செம்பு–செம்பு சல்பேட் மின்வாயை ஊன்றி, மல்டிமீட்டர் முனையை டெஸ்ட் போஸ்ட்டில் வைத்தாள். மைனஸ் 850 மில்லிவோல்ட்டையும் தாண்டி எதிர்மறையாக இருந்தால் எஃகுக்குத் துருவிலிருந்து மின்பாதுகாப்பு கிடைக்கிறது என்று அர்த்தம். இருந்தது. அடுத்த போஸ்ட்டுக்கு நகர்ந்தோம்.

குழாய்க்குள்ளேயே ‘பிக்’ என்ற கருவியை எரிவாயு தள்ளிக்கொண்டு போகும். காந்தப் புலம் குழாய்ச் சுவரிலிருந்து எங்கே கசிகிறதோ அங்கே உலோகம் குறைந்திருக்கிறது என்று கிலோமீட்டர் கணக்கில் பதிவு செய்துகொண்டே வரும். அருமையான கருவி. ஆனால் எல்லாக் குழாயிலும் போகாது. வளைவு நெருக்கமாக இருந்தாலோ நடுவில் விட்டம் மாறினாலோ மாட்டிக்கொள்ளும். 2000 ஆகஸ்டில் நியூ மெக்சிகோவின் கார்ல்ஸ்பாட் அருகே 12 பேரைக் கொன்ற குழாய் வெடிப்பு, உள்ளே தண்ணீர் தேங்கிய தாழ்வான இடத்தில் நடந்தது. அந்தப் பகுதிக்குள் பிக் போக வழியில்லை. கருவி போகாத இடமும் காலிக் கட்டம்தான், அதுவும் மேலே ஏற வேண்டியது.

நம் பக்கத்திலேயே நடந்ததைச் சொல்லாமல் இருக்க முடியாது. 2014 ஜூன் 27 விடிகாலை, ஆந்திராவில் கோதாவரிக் கரைப் பகுதியான நகரம் என்ற ஊரில் எரிவாயுக் குழாய் வெடித்து 20க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். உலர்ந்த வாயுவுக்கான குழாயில் ஈரம் கலந்த வாயு போயிருக்கிறது. குழாய் அதே குழாய், உள்ளே போவது மாறிவிட்டது. அதனால்தான் ரிஸ்க் கணக்கை ஒரு முறை போட்டு அலமாரியில் வைக்கக் கூடாது என்று எங்கே போனாலும் வாதாடுகிறேன். பொருள் மாறினால், வெப்பம் மாறினால், புயல் அடித்தால், அன்றே திருப்பிப் போட வேண்டும்.

மண்ணுக்கு மேலே மாறுவதும் அப்படித்தான். ஒரு மைல் நீளத்துக்கு இருபுறமும் 10 வீடுவரை இருந்தால் முதல் வகுப்பு, 46 வீடோ அதற்கு மேலோ போனால் மூன்றாம் வகுப்பு என்று குழாய்ப் பாதையைப் பிரிக்கிறார்கள். வழியில் போன வருஷம் கரும்பு நின்ற கொல்லையில் இப்போது மனைக் கற்கள், காற்றில் படபடக்கும் வண்ணக் கொடிகள். அங்கே லைன் நடக்கும் ஊழியரைச் சந்தித்தோம். ஜி.பி.எஸ். கருவியோடு தினமும் பாதை முழுக்க நடப்பவர். அவருக்குப் பயம் துருவைப் பற்றியது இல்லை. “போர் போடுற வண்டி வந்துச்சின்னா ஓடிப்போய் நிப்பேன் மேடம்” என்றார். குழாய்ப் பாதை நிலத்தில் கிணறு வெட்டவோ கட்டடம் கட்டவோ மரம் வைக்கவோ 1962ஆம் ஆண்டுச் சட்டப்படி தடை. பலாவும் முந்திரியும் வாழ்வாதாரமான ஊரில் மரம் வைக்கக் கூடாது என்பது பெரிய இழப்பு. அந்த விவசாயியைக் கூப்பிட்டுப் பேசி, மதித்து, எங்கே தோண்டக் கூடாது என்று காட்டி வைப்பது எந்தக் கருவிச் சோதனைக்கும் குறைந்த பாதுகாப்பு இல்லை.

திரும்பும் வழியில் கடம்புலியூர். சேத்தியாத்தோப்பிலிருந்து வடக்குத்துக்கும், சுத்திகரித்த பிறகு இங்கேயும் இறைத்து, இங்கிருந்து தானாகவே சென்னை போரூர்வரை ஓடும் புதிய வீராணம் குடிநீர்க் குழாய். 2004இல் ஓடத் தொடங்கியது, நாளொன்றுக்கு 18 கோடி லிட்டர் திறன். இங்கேயும் எஃகுதான், மண்ணும் அதே மண். உடைந்தால் தீப்பிடிக்காது, ஆனால் ஒரு மாநகரத்தின் குடம் காலியாகும். விளைவு என்ற கட்டத்தில் நெருப்பையும் நச்சையும் மட்டும் போட்டால் இந்தக் குழாய் எப்போதுமே பட்டியலின் அடியில்தான் கிடக்கும்.

வெள்ளி, சிப்காட்

அட்டவணை வந்துவிட்டது. நானூற்றுச் சொச்சத்தில் உச்சியில் நிற்பவை சில டஜன் லைன்கள்தான். எங்கே போனாலும் இப்படித்தான் வரும், ஆபத்தின் பெரும்பங்கு சிறு எண்ணிக்கையில் குவிந்திருக்கும்.

தேதியைவிட முறையில்தான் அதிகம் சண்டை போட்டேன். உப்புக் காற்றில் சூடாக ஓடும் இன்சுலேஷன் போட்ட ஸ்டெயின்லெஸ் லைனுக்குத் தடிமன் கேஜ் வைத்துப் பயனில்லை. தடிமன் குறையாது, குளோரைடு பட்டு விரிசல் விடும். அங்கே விரிசலுக்குள் சாயம் ஊடுருவுகிறதா என்று பார்க்கும் சோதனை. ரப்பர் பூசிய அமில லைனில் பூச்சு ஓட்டையாகாதவரை எஃகு புதிதுபோலவே இருக்கும். அங்கே பூச்சைச் சோதிக்க வேண்டும். குளோரின் லைனில் உலர்ந்த குளோரின் சாதாரண எஃகை ஒன்றும் செய்யாது, ஈரம் சேர்ந்தால் தின்றுவிடும். அங்கே ஈரப்பத மீட்டர் ஒழுங்காக வேலை செய்கிறதா என்பதுதான் முதல் சோதனை.

கணக்குப் பிரிவிலிருந்து வந்தவருக்கு, இருநூறுக்கு மேற்பட்ட லைன்களின் இடைவெளி நீண்டதில் ஏக மகிழ்ச்சி. எவ்வளவு மிச்சம் என்று கேட்டார். ஒரு ரூபாயும் மிச்சமில்லை என்றேன். கீழே குறைத்த ஒவ்வொரு நாளும் மேலே இருக்கும் லைன்களுக்குச் சாரமாகவும் ஆளாகவும் போக வேண்டும். அப்படிப் போகவில்லை என்றால் இந்த மதிப்பீட்டில் நான் கையெழுத்துப் போட மாட்டேன். ஆலை மேலாளர் ஒத்துக்கொண்டார், கூட்டக் குறிப்பிலும் எழுதியாயிற்று.

சாரம் கட்டும் குழு திங்கட்கிழமை வருகிறது. ரேக்கின் கிழக்குக் கோடியில், ஃபிட்டர் அண்ணன் சிவப்பில் குறித்த இடங்களில் முதல் தகட்டைக் கழற்றுவார்கள். வடகிழக்குப் பருவமழை தொடங்குவதற்குள் அந்தப் பக்கத்துப் பஞ்சு முழுவதையும் மாற்றியாக வேண்டும் என்று தேதி போட்டிருக்கிறது. எல்போக்களுக்குப் புதிய வட்டங்கள் வெள்ளைக்குப் பதில் மஞ்சளில்.